அளவுநாடா, ஸ்கேல், நூல்: தென்னை மரத்திலிருந்து விண்மீன் வரை தொலைவு அளப்பது

விண்மீன்களின் தொலைவைக் கணக்கிடும் அடிப்படை முறையைக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு திறந்த வயலில் நின்றே செய்து பார்த்துவிடலாம். இங்குள்ள பாறைக்குன்றுகள் அதற்கு அருமையான பின்புலம். 30 செ.மீ. ஸ்கேல், நூல், அளவுநாடா, இரண்டு குச்சிகள் போதும்.

ஸ்கேலின் நடுவில் நூலைக் கட்டி, 57 செ.மீ. தள்ளி ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் அழுத்தி, நூல் விறைக்கும்படி ஸ்கேலை நீட்டினால் 1 செ.மீ. ஏறக்குறைய 1 பாகை. சில நூறு மீட்டர் தள்ளி ஒரு தென்னையும், அதற்கு வெகுதூரம் பின்னால் ஒரு குன்றின் பாறைமுனையும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் முதல் குச்சியை நடுங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக 20 மீட்டர் அளந்து இரண்டாவது. மூலைமட்டத்துக்குக் கொத்தனார்கள் பார்க்கும் 3-4-5 அளவே போதும். இரண்டாம் குச்சியருகே ஒற்றைக் கண்ணால் பார்த்தால் தென்னை பாறையை விட்டு விலகித் தெரியும். விலகல் ஸ்கேலில் 4 செ.மீ. (4 பாகை) என்றால், மரத்தின் தொலைவு 20 × 57.3 ÷ 4 = சுமார் 286 மீட்டர்.

இதில் 1 மி.மீ. தவறினால் விடை 7 மீட்டர் பிசகும். அடிக்கோட்டை, அதாவது இரு குச்சிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை, 5 மீட்டராகக் குறைத்தால் விலகல் 1 செ.மீ. ஆகிவிடும், அதே 1 மி.மீ. தவறு சுமார் 29 மீட்டர் இழுத்துவிடும். அதனால் அடிக்கோட்டை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுங்கள். இன்னொரு பிழை கண்ணில் படாது. குன்று 3 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது என்றால் அதுவும் சற்று நகரும்; மரம் உண்மையைவிடச் சுமார் 10 சதவீதம் தள்ளி இருப்பதாகக் கணக்கு வரும். விண்மீன் அளவீட்டிலும் பின்புல விண்மீன்களின் நகர்வுக்கு இதே திருத்தம் உண்டு.

வானியலாளர்களின் அடிக்கோடு பூமியின் சுற்றுப்பாதை. ஆறு மாத இடைவெளியில் நாம் இருக்கும் இரு இடங்களுக்கு நடுவே சுமார் 30 கோடி கி.மீ. இந்த எண் துல்லியமானது ரேடாரால்: 1961-இல் வெள்ளிக் கோளுக்கு அனுப்பிய அலை திரும்பிவர ஆன நேரத்தை ஒளிவேகத்தால் பெருக்கி, பாதியாக்கி அதன் தொலைவைக் கண்டார்கள். கோள்பாதைகளின் விகிதம் முன்பே தெரியும் என்பதால் பூமியின் பாதையளவும் கிடைத்தது.

மொத்த விலகலில் பாதியை வில்விநாடியில் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) எடுத்து 1-ஐ அதால் வகுத்தால் தொலைவு பார்செக் என்ற அலகில் கிடைக்கும், அதை 3.26-ஆல் பெருக்கினால் ஒளியாண்டு. சிரியஸ் விண்மீனுக்கு 0.379 வில்விநாடி, அதாவது 8.6 ஒளியாண்டு. நம் ஸ்கேலில் இது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனில் இவ்வளவு சிறிய நகர்வைப் பிடித்தது மாபெரும் சாதனை. தரையிலிருந்து பார்க்கும்போது காற்றின் கலக்கம் விண்மீனின் உருவத்தையே இதைவிட அகலமாகக் கலைத்துவிடும். பல படங்கள் எடுத்துச் சராசரி காண்பதும், 2013-இல் கையா செயற்கைக்கோளை ஏவியதும் இதனால்தான்.

வெகுதொலைவிலுள்ள மற்ற விண்மீன் மண்டலங்களுக்கு (கேலக்ஸி) இந்தக் கோணம் உதவாது. அங்கே செஃபீட் விண்மீன்களைத் தேடுவார்கள். அவை பிரகாசம் கூடிக் குறையும் காலத்துக்கும் உண்மையான ஒளிக்கும் தொடர்பு உண்டு என்று ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் வெளியிட்டார். உண்மை ஒளியையும் நமக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். நான்கில் ஒரு பங்காக மங்கினால் இரண்டு மடங்கு தூரம். இடையில் தூசு இருந்தால் ஒளி கூடுதலாக மங்கி, தொலைவு அதிகமாகத் தெரியும். செஃபீடின் வகையைத் தவறாக எடுத்தால் பிழை இன்னும் பெரிது: இரு வகைகள் உண்டு என்று 1952-இல் வால்டர் பாடே அறிவித்தபோது ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் தொலைவு ஏறத்தாழ இரட்டிப்பானது. இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு.