இதய வால்வு மாற்றியவர்கள் கொழும்புக்குப் போகுமுன்

ஊரில் வீடு, காணி என்று எந்தக் கையெழுத்து பாக்கி இருந்தாலும், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி, நீங்கள் வாழும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் கொழும்பில் அலுவலகப் படி ஏறக்கூடாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

"அக்கா, நீங்கள் நேரில் வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றான் தம்பி. மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. காலையில் எடுத்த இலக்கத்தை மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி வாங்கி வரச் சொன்னார்கள். இறங்கி, வெயிலில் ஆட்டோ பிடித்து, வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினால் உத்தியோகத்தர் இருக்கையில் இல்லை. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் வேறொரு படிவம், அதுவும் சிங்களத்தில் மட்டும். மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒரு சிங்கள அம்மாதான் உள்ளே போய் நாற்காலி கேட்டு வாங்கித் தந்தார்.

அன்று மாலை தம்பியிடம் சத்தம் போட்டேன். "அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நான்தானே அக்கா, இந்த ஒரு வேலைக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்" என்றான். விட்டுப் போனவளிடம் அதற்கு என்ன பதில் இருக்கிறது? அடுத்த வாரமும் படி ஏறினேன். உங்களையும் யாராவது இப்படிக் கேட்பார்கள். தழும்பு சட்டைக்குள் இருப்பதால் எல்லோருக்கும் நீங்கள் சுகமாகிவிட்டவர். வெட்டிய நெஞ்செலும்பு பொருந்தவே இரண்டு, மூன்று மாதம் ஆகும், களைப்பு அதற்குப் பிறகும் இருக்கும். டிக்கெட் போடுமுன்பே இதைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வார்பரின், இரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரை. திசு வால்வு வைத்தவர்களில் பலருக்குச் சில மாதங்களோடு முடிந்துவிடும், என்னைப்போல உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க. மாத்திரையை நிறம் பார்த்து வாங்கவே வேண்டாம். பிரிட்டனில் இளஞ்சிவப்பு 5 மில்லிகிராம், கனடாவில் இளஞ்சிவப்பு 1 மில்லிகிராம். தேவையானதைக் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். மாத்திரை எடுக்கும் நேரம் லண்டனில் மாலை 6 மணி என்றால் கொழும்பில் இரவு 11.30, கோடையில் 10.30. எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று உங்கள் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன முதல் வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை அது, கொழும்பின் தனியார் ஆய்வுகூடங்களில் செய்யலாம். இதயத்தின் இடப்பக்கமுள்ள மைட்ரல் வால்வை மாற்றிய எனக்கு அந்த அளவு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். பெரியம்மா வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை என்று வாங்கிவந்து, இரத்தம் ஊறும் என்று மூன்று நேரமும் பரிமாறினார். அந்தச் சம்பலுக்கு எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன்! ஆனால் கீரையின் வைட்டமின் கே வார்பரினை எதிர்க்கும். அளவு திடீரென்று கூடினால் ஐ.என்.ஆர். இறங்கி, வால்வில் இரத்தம் கட்டும், பக்கவாதம்கூட வரலாம். கீரையை விட வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள். நாட்டு மருந்தை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரோபன் வேண்டாம், தசையில் ஊசியும் வேண்டாம். காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும், உடனே வைத்தியரிடம் போய் வார்பரின் எடுப்பதைச் சொல்லுங்கள். கொழும்பில் டெங்கு எப்போதும் உண்டு, அதில் இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறையும். டெங்கு இல்லையென்றாலும் காய்ச்சல் வால்வில் தொற்றாக இருக்கலாம். அன்டிபயோட்டிக் தொடங்குமுன் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இங்கே மலிவு என்று பல் பிடுங்கக் கூட்டிப்போவார்கள். ஒரு மணி நேரம் முன்பு அன்டிபயோட்டிக் எடுக்காமல், வழக்கமாக அமொக்சிசிலின் 2 கிராம், அந்தக் கதிரையில் உட்காராதீர்கள்.