எல்லா கான்ட்ராவும் ஒரே கான்ட்ரா இல்லை

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பள்ளி லீவில் டிவி கேம் ஆடி வளர்ந்த பலர் இப்போது அதே கேம்களைத் தேடிப் பிடித்து ஆடுகிறார்கள். ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், "எலே மக்கா, இது நாம ஆடுனது இல்லடே" என்று குழப்பம் வரும். பெயரை மட்டும் பார்த்து எடுப்பதுதான் காரணம்.

துப்பாக்கிச் சண்டை கேமான கான்ட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987-இல் ஆர்கேடுக்கு வெளியிட்டது. நின்டென்டோவின் வீட்டு மெஷினுக்கு 1988-இல் வந்தது. அந்த மெஷினுக்கு ஜப்பானில் ஃபாமிகாம் என்று பெயர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் என்.ஈ.எஸ். ஜப்பானின் ஃபாமிகாம் பதிப்பில் முதல் கட்டத்து மரங்கள் காற்றில் அசையும், பனிக் கட்டத்தில் பனி கொட்டும், கட்டங்களுக்கு நடுவே வரைபடமும் கதைக் காட்சிகளும் வரும். அந்தக் கேசட்டுக்குள் கொனாமியின் சொந்தச் சிப் இருந்தது. அமெரிக்கக் கேசட்டில் அது இல்லாததால் இதெல்லாம் வெட்டப்பட்டது. ஐரோப்பாவிலோ 1990-இல் 'ப்ரோபோடெக்டர்' என்று பெயரே மாறி, வீரர்கள் ரோபோக்களாகிவிட்டார்கள். ஆகவே சின்ன வயதில் மரம் அசைந்ததாக ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் ஆடியது ஜப்பான் பதிப்பாக இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு வேகத்தைக் கவனிக்காமல் விடுவது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவி என்.டி.எஸ்.சி. முறை, இந்த மெஷினில் நொடிக்குச் சுமார் 60 படம். ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் பி.ஏ.எல்., நொடிக்கு 50. அறுபதுக்காக எழுதிய கேமை மாற்றாமல் 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். குண்டுகூட நிதானமாக வரும். பி.ஏ.எல். டிவிக்கென்று செய்த குளோன், அதாவது நகல் மெஷின்களில் நாம் பழகியது அந்த நிதானம்தான். இன்று எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருளில்) அமெரிக்கப் பதிப்பைப் போட்டால் வேகம் 20 சதவீதம் கூடிவிடுகிறது. உடனே "வயசாயிற்று, கை வரவில்லை" என்று சலித்துக்கொள்கிறோம். பாவம், கை மேல் அவ்வளவாகக் குற்றமில்லை.

இதற்காக பி.ஏ.எல். என்றாலே மெதுவானது என்று முடிவு கட்டவும் வேண்டாம். சூப்பர் மரியோ பிரதர்ஸின் ஐரோப்பியப் பதிப்பில் 50-க்கு ஏற்ப ஓட்டத்தின் வேகத்தை நின்டென்டோ கூட்டியிருக்கிறது. யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று தம்பியோடு பந்தயம் கட்டினால் இருவரும் ஒரே பதிப்பில் ஆடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டைதான்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த கேசட்டைப் பழைய மெஷினில் திணிக்க வேண்டாம். ஃபாமிகாமுக்கும் அதன் குளோன்களுக்கும் கேசட் சொருகும் இடத்தில் 60 உலோகப் பின்கள், அமெரிக்க என்.ஈ.எஸ்.ஸுக்கு 72. அழுத்தினால் உடைவது மெஷின்தான், அடாப்டர் வாங்குங்கள்.

குறிப்புகளைப் பதிப்பு பார்க்காமல் நம்புவதும் உண்டு. செல்டா என்ற நின்டென்டோ கேமில் வரும் போல்ஸ் வாய்ஸ் என்ற முயல்காது அரக்கனுக்குச் சத்தம் பிடிக்காது என்று அமெரிக்கக் கையேட்டில் இருக்கிறது. ஜப்பானில் இரண்டாவது கன்ட்ரோலரில் மைக் இருந்தது, கத்தினால் அரக்கன் செத்துவிடுவான். என்.ஈ.எஸ். கன்ட்ரோலரில் மைக் கிடையாது, ஆனாலும் குறிப்பு மட்டும் தங்கிவிட்டது. அங்கே தொண்டை கிழியக் கத்திப் பயனில்லை, அம்பு விடுங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டர் சென்டரில் ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வந்ததும் பிறகு டாஸ் கம்ப்யூட்டர்களில் வந்ததும் 12 கட்டம், 60 நிமிடம். நின்டென்டோவின் அடுத்த மெஷினான சூப்பர் நின்டென்டோவில் அதுவே 20 கட்டம், 120 நிமிடம், அறைகளும் வேறு. வழிகாட்டி வீடியோவைப் பார்த்து ஆடுகிறவர்கள் திரையில் காட்டும் மீதி நேரத்தை முதலில் பாருங்கள். அது 120-இலிருந்து இறங்கினால் அந்த வழி டாஸ் பதிப்புக்கு உதவாது.