ஆப்கன் கபாப் கடையில் மதியச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

டெல்லி லாஜ்பத் நகர், பிரிவினையின்போது மேற்கிலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய பகுதி. 1979 இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகும், தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரிலும், 2021இல் தாலிபான் காபூலைப் பிடித்தபோதும் டெல்லிக்கு வந்த ஆப்கானியர்களில் பலர் இங்கேதான் தங்கினார்கள். இங்குள்ள கபாப் கடைகள் முதலில் அவர்களுக்காகத் திறந்தவை. அதனால் சமையலில் ஊர் ருசி அப்படியே இருக்கிறது. இதைத் தெரியாமல் போகிறவர்கள்தான் "காரமே இல்லையே" என்று முகம் சுளித்துக்கொண்டு எழுந்து வருகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இவ்வளவு நல்ல சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

1. நேரம் பார்த்துப் போங்கள்

ஊதா அல்லது இளஞ்சிவப்பு வழித்தட மெட்ரோவில் லாஜ்பத் நகரில் இறங்கலாம். கரி அடுப்பு நன்றாகக் கனன்று, ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கும் மதிய நேரமே சரி. கூட்டம் இருந்தால் கபாப் கம்பியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். பேச ஹிந்தி போதும்.

2. 'அஃப்கானி சிக்கனை' மறந்துவிடுங்கள்

முந்திரி, கிரீம் எல்லாம் போட்டு வெள்ளையாக வருமே, அது வட இந்திய ஓட்டல்களின் பண்டம். இங்கே அதைத் தேட வேண்டாம்.

3. குறைவாக ஆர்டர் செய்யுங்கள்

இரண்டு பேர் என்றால் ஆட்டிறைச்சி டிக்கா கபாப் ஒன்று, காபூலி புலாவ் (கேரட்டும் உலர்திராட்சையும் சேர்த்த இறைச்சிச் சோறு) ஒன்று, மந்து (ஆவியில் வெந்த இறைச்சிப் பொதி) ஒன்று. இதற்கு மேல் முதலில் சொல்லாதீர்கள். அளவு பெரிதாக இருக்கும். நான் ரொட்டியும் கூடவே வரும். கொஞ்சமாவது மசாலா இல்லாமல் முடியாது என்பவர்கள் சப்லி கபாப் கேளுங்கள். கொத்திய இறைச்சியில் ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, வெங்காயம், தக்காளி சேர்த்து, அகலமாகத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பது. கிழக்கு ஆப்கானிஸ்தான், பெஷாவர் பக்கத்துப் பஷ்தூன் மக்களின் பண்டம்.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. காபூலி புலாவில் இறைச்சியை எடுத்துவிட்டுத் தரச் சொன்னாலும் பயனில்லை. அரிசியே இறைச்சி வெந்த சாற்றில்தான் வேகிறது. உருளைக்கிழங்கு வைத்த ரொட்டியான பொலானி, கத்திரிக்காயும் தயிருமாக வரும் போரானி பாஞ்சான், கீரை ஆகியவற்றைக் கேளுங்கள். அவற்றிலும் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது.

4. கபாப் வந்ததும் பேச்சை நிறுத்துங்கள்

இதுதான் முக்கியமான கட்டம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பியோடு வந்தால், நானில் ஒரு பெரிய துண்டு கிழித்து, அதை வைத்தே இறைச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு கம்பியை மெல்ல உருவுங்கள். கை சுடாது, வடியும் சாறும் ரொட்டிக்குள்ளேயே இறங்கும். முட்கரண்டியை ஓரமாக வைத்துவிடுங்கள், வலது கை போதும்.

இறைச்சித் துண்டுகளுக்கு நடுவே வெளிறிய துண்டு ஒன்று இருக்கும். அது ஆட்டுக் கொழுப்பு. ஆப்கானிஸ்தானில் வால்பகுதி பருத்த செம்மறியின் கொழுப்பைத்தான் இப்படிக் கோர்ப்பார்கள். பலரும் இதைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். ஓரம் முறுகி, உள்ளே இளகி இருக்கும்போது, இறைச்சித் துண்டோடு சேர்த்து ஒரே வாயில் போடுங்கள். இறைச்சியில் உப்பும் மிளகும் தாண்டிப் பெரிதாக எதுவும் இருக்காது. கரிப்புகையும் இந்தக் கொழுப்பும்தான் ருசி தருகின்றன. ஆறிப்போனால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும், அதற்குத்தான் பேச்சை நிறுத்தச் சொன்னேன்.

முதல் வாய் வெறுமனே சாப்பிடுங்கள். அடுத்ததற்குப் புளிப்பு சேருங்கள். சில கடைகளில் சிவந்த சுமாக் தூளோ, காய்ந்த திராட்சைக் காயை அரைத்த தூளோ வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கொத்தமல்லி, பூண்டு, வினிகர் சேர்த்த பச்சைச் சட்னி இருக்கும். அதை இறைச்சி மேல் ஊற்றாமல், நானைத் தொட்டுச் சாப்பிடுங்கள். இடையிடையே பச்சை வெங்காயம் கடித்துக்கொள்ளலாம்.

5. புலாவைத் தோண்டுங்கள்

வந்ததும் இறைச்சியைக் காணோமே என்று பார்க்காதீர்கள். சோற்றுக்கு அடியில் இருக்கும். மேலே நீளமாக நறுக்கி வதக்கிய கேரட்டும் உலர்திராட்சையும். ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, கேரட், திராட்சை, சோறு, இறைச்சி நான்கும் ஒரே கவளத்தில் வருமாறு சாப்பிட்டால்தான் அந்த இனிப்புக்கு அர்த்தம் புரியும். தனித்தனியாகத் தின்றால் திராட்சை துருத்திக்கொண்டு நிற்கும். குழம்பு கேட்டுப் பிசைய வேண்டாம்.

6. மந்து

வெங்காயமும் கொத்திறைச்சியும் வைத்து ஆவியில் வேகவைத்த மாவுப் பொதிகள். மேலே பூண்டு கலந்த கெட்டித் தயிர், கடலைப்பருப்புக் கூட்டு, காய்ந்த புதினா. கிளறாமல், மேலிருப்பதோடு முழுதாக எடுத்து வாயில் போடுங்கள்.

7. குடிக்க

சாப்பாட்டோடு தோக் கேளுங்கள்: உப்பும் காய்ந்த புதினாவும் போட்ட மோர். கொழுப்புக்கு அதுதான் சரியான ஜோடி. முடித்த பிறகு ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர். பால் கேட்காதீர்கள். சில இடங்களில் சர்க்கரை பூசிய பாதாமும் கூட வரும். அதைக் கடித்துக்கொண்டே தேநீரை உறிஞ்சலாம். அவசரப்படுத்த மாட்டார்கள். எழுந்திருக்கும்போது "தஷக்கூர்" என்று நன்றி சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

8. மிச்சம்

மீந்த கபாபைக் கட்டி வாங்கினால் வீட்டில் தோசைக்கல்லில் சூடாக்குங்கள், மைக்ரோவேவில் ரப்பராகிவிடும். தெருவில் ரொட்டி சுடும் கடை கண்ணில் பட்டால், எள்ளோ கருஞ்சீரகமோ தூவிய நீள நான் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடுகாட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.