பல வருடம் ஓடிய பயணக் குழுவை மூடுவது எப்படி

ஊர் சுற்றுபவர்கள் சேர்ந்து பல வருடம் நடத்திய ஒரு குழுவை மூடப் போகிறீர்கள் என்றால், உறுப்பினர்களிடம் விடைபெறுவது பாதி வேலைதான். குழு இத்தனை காலம் சேர்த்து வைத்த தகவல்களை என்ன செய்வது என்பது மீதிப் பாதி. சமையல் குழுவின் பத்து வருடத்துக்கு முந்தைய ரசக் குறிப்பை இன்று ஒருவர் எடுத்துச் செய்தால் ரசம்தான் வரும். பயணக் குறிப்பு அப்படி இல்லை. பழைய பஸ் நேரத்தை நம்பி ஒரு குடும்பம் ராத்திரி தப்பான பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கும். பழைய மலைப்பாதைக் குறிப்பை நம்பி நாலு பிள்ளைகள் காட்டுக்குள் போவார்கள். இதை யோசிக்காமல் குழுவைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

நான் திருச்சிக்காரி. எங்கள் குழு கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்குட்டில் தொடங்கியது. 2014 ஜூன் கடைசியில் ஆர்குட்டை நிறுத்தப் போவதாக கூகுள் அறிவித்தது. செப்டம்பர் 30-ஆம் தேதி நிறுத்தியது. இடையில் கிடைத்த மூன்று மாதத்தில் முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு ஃபேஸ்புக்குக்கு மாறினோம். அப்புறம் வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் நாங்களாகவே, யாரும் துரத்தாமல், பேசி முடிவு செய்து மூடினோம். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மூட வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? குழு அமைதியாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் எல்லாப் பயணக் குழுவும் அமைதியாகத்தான் இருக்கும். நான் பார்த்த அளவுகோல் வேறு. ஒருவர் “நாளைக்கு வால்பாறை போகிறோம், ரோடு எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறார். அவர் போய்த் திரும்பிய பிறகும் பதில் வரவில்லை. இது தொடர்ந்து நடக்கிறது என்றால் அந்தக் குழு உதவுவதாகப் பெயர் சொல்லிக்கொண்டு உதவாமல் இருக்கிறது. அப்போது மூடுவதுதான் நேர்மை.

அறிவிப்புக்கும் மூடுவதற்கும் நடுவில் மூன்று மாதம் விடுங்கள். ஆர்குட் கொடுத்த அந்த அவகாசம் சரியான அளவு என்று இன்றும் நினைக்கிறேன். கப்பலில் வேலை செய்பவர், வளைகுடாவில் இருப்பவர், வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர் எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர அவ்வளவு நாள் தேவை. ஃபேஸ்புக்கில் அறிவிப்பை மேலே பின் செய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவின் விவரப் பகுதியிலும் போடுங்கள். மூத்த உறுப்பினர்களுக்கு மட்டும் போன் செய்து சொல்லுங்கள். பொதுச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அவர்களை விடக் கூடாது.

அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும். எங்களுடையது ஏறக்குறைய இப்படி இருந்தது: “நண்பர்களே, ஜூன் 30-ஆம் தேதியோடு குழுவை நிறுத்துகிறோம். கேள்விகளுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல அட்மின்களுக்கு இப்போது நேரம் இல்லை. குறிப்புகளைத் தொகுத்து எல்லாருக்கும் தருவோம். உங்கள் எழுத்தோ படமோ அதில் வேண்டாம் என்றால் மே மாதத்துக்குள் சொல்லுங்கள்.” காரணம், தேதி, தகவல்களின் கதி, ஆட்சேபம் சொல்ல வழி. இதற்கு மேல் வேண்டாம். உணர்ச்சியை எல்லாம் கடைசிச் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவித்த அன்றே “நான் எடுத்து நடத்துகிறேன்” என்று யாராவது வருவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவசரப்பட்டு அட்மின் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், சொல்கிறவருக்கே கொடுக்கலாம். டிராவல்ஸ் தொழில் செய்பவர் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உறுப்பினர்கள் நண்பர்களை நம்பி எண் கொடுத்தார்கள், வாடிக்கையாளர் பட்டியலில் சேர அல்ல.

இனி சேமிக்கும் வேலை. வாட்ஸ்அப்பில் குழுவைத் திறந்து மெனுவில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால் உரையாடல் ஒரு கோப்பாக வரும். ஆனால் முழுவதும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்: படங்களோடு எடுத்தால் கடைசிப் பத்தாயிரம் செய்திகளும், படங்கள் இல்லாமல் எடுத்தால் நாற்பதாயிரமும்தான் என்று வாட்ஸ்அப் வரம்பு வைத்திருக்கிறது. பல வருடக் குழுவுக்கு அது போதாது. அதனால் முக்கியமான பழைய பதிவுகளைத் தேடி எடுத்துத் தனியாக ஒட்டி வைக்க ஆட்கள் வேண்டும். குழுவின் அமைப்புகளில் மேம்பட்ட சாட் தனியுரிமை போடப்பட்டிருந்தால் எக்ஸ்போர்ட்டே வராது. முதலில் அதைப் பாருங்கள்.

வேலையை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். எங்கள் சேலத்து அக்கா ஏற்காடும் கொல்லிமலையும் எடுத்துக்கொண்டார். நான் டெல்டா மாவட்டங்கள். தன் ஊர்க் குறிப்பை எது சரி, எது காலாவதி என்று பார்த்தவுடன் சொல்ல அந்த ஊர்க்காரரால்தான் முடியும்.

படங்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருக்கப்பட்டது. யாரிடமாவது மூலப்படம் இன்னும் இருந்தால் அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்; அப்போது தரமும் குறையாது, எடுத்த தேதியும் கூடவே வரும்.

இப்போது நான் அதிகம் வலியுறுத்தும் வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு குறிப்புக்கும், எழுதியவர் அங்கே போன மாதமும் வருடமும் இருக்க வேண்டும். தேதி தெரியாத குறிப்பைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். தேதி போட்ட பிறகு ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: இன்றும் சரி, மாறிவிட்டது, நினைவுக்கு மட்டும்.

ராமேஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. நடுவில் போன எங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் “மண்டபத்தில் இறங்கி பஸ் பிடியுங்கள்” என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் போனபோது அது முழுக்கச் சரி. இன்று அதைப் படிப்பவர் வீணாக மண்டபத்தில் இறங்குவார். தனுஷ்கோடியும் அப்படித்தான்: மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போன குறிப்புகள் எங்களிடம் நிறைய, 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் குறிப்புகள் 2024 மே 7-க்கு முந்தையவை என்றால் இ-பாஸ் பற்றி ஒரு வரிகூட இருக்காது, சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போக கோயம்பேடு என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் கிளாம்பாக்கம். எங்கள் திருச்சியிலேயே 2025-இல் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு என் சொந்தக் குறிப்புகளில் பாதியை ‘மாறிவிட்டது’ பக்கம் தள்ளினேன்.

மலையேற்றக் குறிப்புகளில் இரக்கமே பார்க்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிரை எடுத்தது என்று நமக்குத் தெரியும். அதற்கு முன் எழுதிய “அனுமதி எல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள், எஸ்டேட் வழியாக ஏறிவிடலாம்” வகைக் குறிப்புகள் எங்களிடமும் இருந்தன. எழுதியவர்கள் எனக்கு நெருங்கிய நண்பர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், படங்கள் மட்டும் இருக்கின்றன. அந்த இடத்தில், வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாக வழிகாட்டியோடு போகலாம் என்று ஒரு வரி போட்டோம்.

ஆனால் ‘நினைவுக்கு மட்டும்’ என்ற பகுதியில் கை வைக்காதீர்கள். செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் 2010-இல் நின்று, 2018-இல் அகலப்பாதையாக முழுவதும் திறந்தது. எங்கள் குழுவில் விருதுநகர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். அந்தப் பழைய வண்டியைப் பற்றி அவர் எழுதியதில் நேரம் மட்டும் இருக்காது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் தெரிய எந்தப் பக்க ஜன்னல், எந்த ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், ஏற்றத்தில் வண்டி திணறும்போது என்ன சத்தம் வரும் என்பது வரை இருக்கும். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு இன்று யாரும் வண்டி ஏற முடியாது. அதனால்தான் ஒரு எழுத்தையும் குறைக்காமல் வைத்திருக்கிறோம். இப்படி எழுத இனி ஆள் கிடையாது.

சார் இப்போது இல்லை. இறந்துபோன உறுப்பினர்களின் எழுத்தை என்ன செய்வது என்பதை எல்லாக் குழுக்களும் சந்திக்க வேண்டிவரும். குடும்பத்தாரைத் தேடிப் பேசுங்கள். பலருக்கு அப்பா இப்படியெல்லாம் எழுதினார் என்றே தெரிந்திருக்காது. நாங்கள் சாருடைய குறிப்புகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அவர் மகளுக்கு அனுப்பினோம். நடுவில் சில பக்கங்களில் மற்றவர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்தோம், யாருக்குப் பதில் சொல்கிறார் என்று புரிவதற்காக. அவர் பெயரில் குறிப்புகளைத் தொகுப்பில் வைத்துக்கொள்ள அந்தப் பெண்ணே அனுமதி தந்தார்.

அனுமதி என்றதும் இன்னொன்று. குழுவில் எழுதியது குழுவின் சொத்து ஆகிவிடாது, எழுதியவருக்கே சொந்தம். ஒருவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். பொதுவில் பயன்பட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தங்கள் படங்களை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் தாங்களே ஏற்றலாம். ஆங்கிலம் எழுத வருபவர்கள், யாரும் திருத்தக்கூடிய பயண வழிகாட்டித் தளமான விக்கிவாயேஜில் ஊர்ப் பக்கங்களைத் திருத்தலாம். அங்கே போனால் நாளைக்கு வேறொருவர் வந்து புதுப்பிப்பார். நம் தொகுப்புக்கு அந்த வசதி இல்லை.

தொகுப்பைப் பகிரும் முன் தனிப்பட்ட விஷயங்களை எடுத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் கோப்பில் நீங்கள் சேமிக்காதவர்களின் போன் நம்பர் அப்படியே வரும். சேர்ந்து டிக்கெட் போட்டபோது அனுப்பிய ஆதார் படம், வயது, வீட்டு விலாசம், குழந்தைகள் படம் எல்லாம் உள்ளே கிடக்கும். பழைய செய்தியை எல்லார் போனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் விடாது. அதனால் அவரவர் போனில் அழிக்கச் சொல்லி, தேதி குறிப்பிட்டு, இரண்டு முறையாவது நினைவூட்டுங்கள். பொதுப் பணம் மிச்சம் இருந்தால் கணக்கை எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிட்டு, பெரும்பான்மை சொல்கிறபடி செய்யுங்கள்.

கடைசிச் சந்திப்பு கட்டாயம் வையுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதற்கேற்ப தேதியைச் சொல்லுங்கள். பொங்கல், தீபாவளியை ஒட்டி வேண்டாம். எல்லா ஊருக்கும் நடுவில் என்று திருச்சியைத் தேர்ந்தெடுத்து, காலையில் ஜங்ஷனில் கூடி, கல்லணைக்குப் போனோம். புரோகிராம் எதுவும் போடவில்லை. பேசுவதற்கே நேரம் போதவில்லை. வர முடியாதவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி ஒரு வீடியோ கால். வளைகுடாவில் சில நாடுகளில் வெள்ளி-சனியும், அமீரகத்தில் சனி-ஞாயிறும் விடுமுறை. சனிக்கிழமை என்றால் எல்லாரும் வருவார்கள்.

அப்புறம் பூட்டுவது. ஃபேஸ்புக் குழுவை நீக்காதீர்கள், நிறுத்தி மட்டும் வையுங்கள். புதிதாக எழுத முடியாது, பழையதைப் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றுங்கள். நீங்கள் பாட்டுக்கு வெளியேறிவிடக் கூடாது: இருக்கும் ஒரே அட்மின் போய்விட்டால் வாட்ஸ்அப் தானாகவே வேறொருவரை அட்மின் ஆக்கிவிடும், அவருக்கு எதுவும் தெரியாது. தொகுப்பை கூகுள் டிரைவில் வைத்தால் அந்தக் கணக்கின் பொறுப்பு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை கூகுள் அழிக்கலாம். நாங்கள் வருடா வருடம் ஜனவரியில் ஒருவர் உள்ளே போய்ப் பார்ப்பது என்று முறை வைத்திருக்கிறோம்.

மூடிய பிறகும் கேள்விகள் உங்கள் தனி நம்பருக்கு வரும். சமீபத்தில் போன ஊர் என்றால் சொல்லுங்கள். ரயில் சம்பந்தமானது என்றால் 139-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மற்றதற்கு, அந்த ஊர் உறுப்பினர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்பரைக் கொடுங்கள்.