இரங்கல் உரை பேசச் சொல்லிவிட்டார்களா?

துக்கம் நடந்த வீட்டில் திடீரென்று "நீதான் நாலு வார்த்தை பேசணும்" என்பார்கள். தூக்கமும் இருக்காது, கையும் ஓடாது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் சொல்லாவிட்டால் 3 முதல் 5 நிமிடம் போதும். எழுத உட்கார்ந்தால் படிப்பு, வேலை, பதவி என்றுதான் கை போகும். அதை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள், வந்திருப்பவர்களுக்கு அதெல்லாம் தெரியும். 'எல்லோருக்கும் உதவுவார்' என்பதை யாரைப் பற்றியும் சொல்லலாம். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். என் அப்பா வீட்டுக்கு வரும் கடித உறைகளை ஓரம் கிழியாமல் பிரித்து, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கணக்கு எழுதுவார். நான் அதைத்தான் சொன்னேன். பேசி முடித்ததும் ஒருவர் வந்து, அப்பா எப்போதோ வழி எழுதிக் கொடுத்த உறை இன்னும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார்.

எதுவும் நினைவுக்கு வரவில்லையா? கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர், பேரப்பிள்ளை என்று மூன்று பேருக்கு போன் போட்டு "அவர் அடிக்கடி என்ன சொல்வார்?" என்று மட்டும் கேளுங்கள். பெயர், வயது, உறவுமுறையை வீட்டாரிடம் சரிபாருங்கள். எப்படி இறந்தார், பழைய சண்டை, கடன் இதையெல்லாம் அவர்கள் சம்மதிக்காமல் தொடவே கூடாது. அதற்காகக் கோபக்காரரை சாந்த சொரூபியாக்கவும் வேண்டாம், கேட்பவர்களுக்குத்தான் சங்கடம். "காலையில் திட்டுவார், மதியம் சாப்பிட்டியா என்று அவரே கேட்பார்" என்றால் ஆள் கண்முன் வந்துவிடுவார்.

அப்புறம், மனப்பாடம் வேண்டாம். பெரிய எழுத்தில், இடம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, பக்க எண் போடுங்கள். போனைப் பார்த்துப் படிக்காதீர்கள், நடுவில் திரை அணைந்துவிடும். வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்து, எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அதற்கு முன்னால் ஒரு கோடு போட்டுவையுங்கள், அங்கே நின்று மூச்சு வாங்க. கடைசி வரியில், உயிரோடு இருக்கும்போது எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிட்டு விடைகொடுங்கள்.

அழுகை வந்தால் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இன்னொரு பிரதி எடுத்து நெருங்கிய ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். எனக்கு நான்காவது வரியிலேயே குரல் போய்விட்டது, மீதியை அக்கா எழுந்து வந்து பக்கத்தில் நின்று படித்தாள்.