பிறந்த நாய்க்குட்டியின் இரத்தப் புரதம்: அறிக்கையைப் படிப்பதில் நேரும் தவறுகள்

மாதிரிக் குழாயில் பெயர் எழுத மறப்பது போன்ற பிழைகளைப் பயிற்சி மருத்துவர்கள் தாமே திருத்திக்கொள்வார்கள். நான் ஒரு காலத்தில் செய்தவற்றையே அவர்களும் செய்வதைக் காணும்போதுதான் எழுதத் தோன்றுகிறது.

வளர்ந்த நாயின் வரம்பை வைத்துக் குட்டியை அளப்பது

ஆய்வக அறிக்கையில் அச்சாகும் இயல்பு வரம்பு, பெரும்பாலும் வளர்ந்த நாய்க்குரியது. வளர்ந்த நாயின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5.5 முதல் 7.5 கிராம் வரை இருக்கும். முதல் வாரக் குட்டியிலோ அது 4 கிராமை ஒட்டியே நிற்பது வழக்கம். குட்டியின் கல்லீரல், இந்தப் புரதத்தின் ஒரு பகுதியான அல்புமினைப் போதிய அளவில் உண்டாக்கும் முதிர்ச்சியை இன்னும் எட்டவில்லை. நாயின் நஞ்சுக்கொடியும் தாயின் எதிர்ப்புப் புரதத்தில் சிறு பங்கை மட்டுமே உள்ளே விடுவதால், அந்த எதிர்ப்புப் புரதம் அடங்கிய குளோபுலின் என்னும் மற்றப் பகுதியில் பெரும்பங்கு சீம்பாலின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

இதை அறியாமல், ஆறு நாள் ஆன ஒரு ராஜபாளையம் குட்டியின் அறிக்கையில் 3.9 என்ற எண்ணையும் அதன் அருகே கீழ்நோக்கிய அம்புக்குறியையும் கண்டு, புரதம் எங்கோ வீணாகிறது என்று முடிவுகட்டிப் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றினேன். சற்றே இளகிய மலம் தவிர அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நாள்தோறும் எடையும் கூடியிருந்தது. மாலைக்குள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சிரைத்தது; மறுநாள் இறந்தது. பிறகு உடன்பிறந்த மூன்று குட்டிகளைச் சோதித்தபோது, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த அவற்றுக்கும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. சென்ற மாதம் ஒரு பயிற்சி மருத்துவர் அதே அம்புக்குறியைக் காட்டி அதே பிளாஸ்மாவைக் கேட்டார். எடைக் குறிப்பு எங்கே என்று கேட்டேன். எழுதவே இல்லை என்றார். எடையைக் குறிக்காதவர் புரதத்தை அளந்து என்ன செய்யப்போகிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கன்றின் கணக்கை நாய்க்குப் போடுவது

கன்று சீம்பால் குடித்ததா என்பதை மொத்தப் புரதத்தைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். நாய்க்குட்டியில் அது நம்பத்தக்கதன்று. சீம்பால் குடித்த குட்டிக்கு முதல் சில நாள்களில் ஜி.ஜி.டி. என்னும் நொதி பன்மடங்கு உயரும் என்பதால், அதைப் பார்ப்பது மேல். அங்கே தோன்றும் மேல்நோக்கிய அம்புக்குறியைக் கல்லீரல் நோயாக எண்ணி மருந்து எழுதியவர்களும் உண்டு.

குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவது

முதலில் குட்டியின் உடலைச் சூடேற்றுங்கள்.

ஊசியை வேகமாக இழுப்பது

அரை மில்லிலிட்டர் இரத்தம் போதும். அவசரமாக உறிஞ்சியதில் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்திருந்தால், புரதத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கருவி அதைக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.