அமானுஷ்யக் காதலனை எழுதும்போது செய்யக் கூடாதவை

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது இளையோர் நாவல் எழுதுகிறார்கள். அதிலும் யட்சன், கந்தர்வன், ரத்தக்காட்டேரி என்று மனிதனல்லாத ஒருவனைக் காதலிக்கும் கதைகள்தான் அதிகம். அல்சூரில் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு வரும் கைப்பிரதிகளில் திரும்பத் திரும்ப அதே தவறுகளைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறையும் அவற்றைச் செய்துதான் வந்தது. ஒற்றுப்பிழை, நீண்ட வர்ணனை போன்றவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திக்கொடுப்பார்கள். கதையையே சாய்த்துவிடும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இரவல் ஊர்

பெங்களூரில் பனி பொழியாது. பைன் காட்டையும் ஓநாயையும் விட்டுவிடுங்கள்.

முந்நூறு வயதுக்காரன் கல்லூரிப் பையன்போல் பேசுவது

அவன் இந்த ஊரிலேயே முந்நூறு வருடம் இருந்தவன் என்றால், 1898இல் பிளேக் வந்தபோது ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்திருப்பான். 1905இல் தெருவில் மின்விளக்கு எரிந்த முதல் இரவைப் பார்த்திருப்பான். இன்றைய மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் அன்று தர்மாம்புதி ஏரி. அந்த ஏரியில் குடியிருந்த நீர்த்தேவதை உங்கள் நாயகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டின்மேல் இப்போது பஸ் ஓடுகிறது. இப்படி ஒருவன் பேச வாயெடுத்தாலே அதில் ஒரு இழப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அவனுக்கு பைக்கும் கறுப்புச் சட்டையும் கொடுப்பதில் என்ன பயன்?

விதியை நடுவில் மாற்றுவது

வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி எரிந்து சாம்பலாகும் என்பதை ஆதிகால விதி என்று பலர் நினைக்கிறார்கள். 1897இல் வந்த டிராகுலா நாவலில் அவன் பகலிலும் நடமாடுகிறான், சக்திதான் குறைகிறது. வெயிலால் அழியும் விதி 1922இல் வந்த நொஸ்ஃபெராட்டு என்ற மௌனப் படத்தால் பரவியது. ஆகவே விதியை நீங்களே உண்டாக்கலாம், தடையில்லை. ஆனால் முதல் சில அத்தியாயங்களுக்குள் சொல்லிவிடுங்கள், அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

அவள் மனதை அவன் திருப்பிவிடுவது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இந்த ஒன்றுதான்.

கல்லூரி மாணவி ஒருத்தி எழுதிய நாவல். மொழி அருமை, நாயகன் கந்தர்வன். பாதிக் கதையில் இருவருக்கும் பெரிய சண்டை வருகிறது. அவன் அவள் நெற்றியைத் தொடுகிறான், சண்டை அவள் நினைவிலிருந்து அழிந்துபோகிறது. மறுநாள் காலை அவள் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறாள். அந்தப் பெண் இதைக் கனிவான காட்சியாகவே எழுதியிருந்தாள். "அவ அழறதை அவனால தாங்க முடியல அக்கா, அதான்" என்றாள். "சரி, கடைசியில அவ 'உன்னை விரும்புறேன்'னு சொல்றாளே, அது அவ சொல்றதா, அவன் சொல்ல வைக்கிறதா?" என்று கேட்டேன். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நெற்றிக் காட்சிக்குப் பின்னால் எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

காதல் கதையில் வாசகரை இழுத்துக்கொண்டு போவது ஒரே கேள்விதான்: அவள் சம்மதிப்பாளா, மாட்டாளா? வசியம், நினைவழிப்பு, மனதைப் படிப்பது எல்லாம் அந்தக் கேள்வியைக் கொன்றுவிடும். பெரும்பாலும் இந்த வித்தைகள் வருவது, இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய காட்சியை எழுதப் பயந்துதான். அந்தக் காட்சிக்காகத்தான் நாவலே இருக்கிறது.

நம் கதைகளுக்கு இது நன்றாகவே தெரியும். 1990களில் பெங்களூரில் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா', அதாவது நாளை வா, என்று எழுதிவைத்தார்கள். இரவில் தெரிந்தவர் குரலில் கூப்பிடும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும் என்பது நம்பிக்கை. அந்தப் பேய்கூடக் கதவை உடைப்பதில்லை. உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். டிராகுலாவும் வீட்டில் உள்ள யாராவது அழைக்காமல் முதல் தடவை உள்ளே வர முடியாது. அவன் பெண்களின் மனதை வசப்படுத்துகிறான்தான். அதனால்தான் அந்த நாவலில் அவன் காதலன் இல்லை, துரத்திக் கொல்லப்பட வேண்டியவன்.

நளவெண்பாவைப் பாருங்கள். இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளன் உருவத்திலேயே சுயம்வரத்துக்கு வந்து உட்காருகிறார்கள். தமயந்தி கூர்ந்து பார்க்கிறாள். ஒருவனுக்குத்தான் கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, மாலை வாடுகிறது. அவனுக்கே மாலையிடுகிறாள். நான்கு தேவர்கள் வந்தும் தேர்வு அவள் கையில்தான்.

இந்த நாவல்களைப் படிப்பவர்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் நிறைய. கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் தூங்குவதைப் பார்க்கிறவனை நாயகன் என்று எழுதினால், நாளைக்கு விடுதி வாசலில் நிற்கிறவனையும் அவர்கள் அப்படியே பார்ப்பார்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அவனுக்குச் சக்தி இருக்கட்டும், அது அவளிடம் மட்டும் பலிக்காமல் போகட்டும். இல்லையென்றால் அவன் அதைப் பயன்படுத்தட்டும். அவள் கண்டுபிடிக்கட்டும். அதைத் துரோகம் என்றே கதை நடத்தட்டும். அவன் மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிடக் கூடாது.

முக்கோணக் காதல்

கதை கேட்டால் மட்டும். பெரும்பாலும் கேட்காது.

கடைசியில் அவளும் சாகாவரம் பெறுவது

பெறட்டும், ஆனால் விலையை எழுதுங்கள். ஸ்ரீராம்புரத்தில் அம்மா, தாத்தா, தம்பியோடு ஒரே அறையில் வளர்ந்த பெண் அவள். தம்பிக்கு நரை விழும்போதும் இவளுக்குப் பதினேழுதான். அம்மாவிடம் இதை யார் சொல்வது, எப்போது, என்ன வார்த்தையில்? அந்த ஒரு அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக நிலவொளிக்குப் போகும் கைப்பிரதிகளை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.